காட்டுக் காளானைக் காய வைத்தாலும் பூஞ்சை பிடிக்கிறது: பினாங்கு ஈரக் காற்றுக்கு என்ன வழி?

செம்பனை_அக்கா | பிறை
புற்றுக்காளான் அரை கிலோ, மரக்காது அரை கிலோ, குலாட் சிசிர் (பட்ட கட்டையில் முளைக்கிற சின்ன விசிறிக் காளான்) ஒரு பை இருக்கிறது. மூன்றையும் ஒரே மாதிரி காய வைக்கலாமா, தனித்தனியா? வெயிலில் ரெண்டு நாள் காய வைத்து பாட்டிலில் அடைத்தால் பத்துப் பதினைந்து நாளில் ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்துவிடுகிறது. வீட்டில் உள்ளது சாதாரண ஓவன், ஏர் ஃபிரையர், டேபிள் ஃபேன். ட்ரையர் மெஷின் வாங்கினால்தான் ஆகுமா?

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
அக்கா, பூஞ்சை வந்தால் முக்கால்வாசி சமயம் காளான் முழுசாய்க் காயவில்லை என்று அர்த்தம். மிச்சக் கால்வாசி, காய்ந்த பிறகு மூடியைப் போடுவதற்குள் மறுபடி ஈரம் வாங்கிக்கொண்டது.

நம் ஊரில் ராத்திரி காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். இந்தக் காற்றில் ஃபேனை எவ்வளவு வேகமாய்ச் சுற்றவிட்டாலும் காளான் ஒரு அளவுக்கு மேல் காயாது. காற்றைச் சூடாக்கினால் கதை மாறுகிறது. 28 டிகிரியில் 85 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 45 டிகிரிக்கு ஏற்றினால் அதன் ஈரப்பதம் 33 விழுக்காட்டுக்கு இறங்கும். 55 டிகிரிக்கு ஏற்றினால் 20. காற்றில் உள்ள தண்ணீர் அதேதான், ஆனால் அது இன்னும் நிறைய குடிக்கத் தயாராக இருக்கும். ட்ரையர் மெஷின் செய்வது இவ்வளவுதான். ஏர்கான் ஓடும் அறையில் மெஷினை வைத்தால் உள்ளே போகும் காற்றே வறண்டது, வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

முறை இது. காளானைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். மண்ணைக் கத்தியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தால் போதும். தண்டைத் தனியாக, குடையைத் தனியாக வெட்டுங்கள், ஏனென்றால் தண்டு காய ரெண்டு மடங்கு நேரம் எடுக்கும். துண்டு 4, 5 மில்லிமீட்டர் தடிப்பு. அதைவிட மெல்லிசாக வெட்டினால் வலையில் ஒட்டிக்கொண்டு கிழியும். ஒன்றோடொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.

முதல் ஒன்றரை, ரெண்டு மணி நேரம் 45 டிகிரி. பிறகு 55. மொத்தம் 6 முதல் 9 மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு தரம் தட்டுகளை மேலும் கீழும் மாற்றுங்கள், மெஷினின் கீழ்த்தட்டும் மேல்தட்டும் ஒருபோதும் ஒரே வேகத்தில் காய்வதில்லை. அவசரப்பட்டு முதலிலேயே 65, 70 வைத்தால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். வெளியே தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வரும், உள்ளே ரப்பர். அக்கா சொன்ன வெள்ளைப் பூ பெரும்பாலும் அந்தத் துண்டிலிருந்துதான் கிளம்பும்.

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
ஒன்றை விட்டுவிட்டேன். கையால் தொட்டு "காய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டாதீர்கள், சூடாக இருக்கும்போது எல்லாமே வளையும். ஒரு துண்டை எடுத்து அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு ஒடித்துப் பாருங்கள். 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து பிறகு கிழிந்தால் இன்னும் ஒரு மணி நேரம்.

தராசு இருந்தால் இன்னும் நல்லது. சதைப்பற்றுள்ள காளானில் 90 விழுக்காடு தண்ணீர். 500 கிராம் பச்சைக் காளான் காய்ந்தால் 45 முதல் 55 கிராம் இருக்க வேண்டும். 75 கிராமில் நின்றுவிட்டதென்றால் அதில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஈரம். அது பாட்டிலுக்குப் போகக்கூடாத சரக்கு.

வெயில்_கட்சி | பாலிக் புலாவ்
மெஷின் இல்லாத வீட்டில் காளான் காயவே காயாதா என்ன? டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பினாங்கில் வறட்சிக் காலம், அப்போது வெயில் போதும். செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் வெயிலை நம்புகிறவர் மேகத்தைப் பார்த்தபடியே உட்கார வேண்டியதுதான். 

தட்டைத் தரையில் வைக்காமல் ரெண்டு செங்கல் மேல் தூக்கி, வலைமேல் பரப்புங்கள். அடியிலும் காற்று ஓட வேண்டும். செதில் பக்கம், அதாவது குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாய் இருக்கிற பக்கம், வானத்தைப் பார்க்கட்டும். மேலே கொசுவலைத் துணி, ஈ உட்காரக்கூடாது. காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. வெயிலில் காய்வதால் ஒரு லாபமும் உண்டு: காளானில் உள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆக மாறும். மெஷினில் அது கிடைக்காது.

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
வெயிலைப் பற்றிச் சொன்னது சரிதான் அண்ணே. எனக்குப் பயம் ராத்திரிதான். பகலில் பாதி காய்ந்த காளானை சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் படுத்தால், காலைக்குள் அது காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்து மெத்தென்று ஆகிவிடும். பூஞ்சை வேர் பிடிப்பது அந்த ராத்திரியில். வெயிலில் முக்கால் பங்கு காய வைத்து, அன்று சாயந்திரமே ஓவனில் 55 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வைத்து முடித்துவிடுங்கள். அடுத்த நாளுக்குத் தள்ளாதீர்கள்.

கெப்போங்_கத்தரி | கோலாலம்பூர்
ஓவன், ஏர் ஃபிரையர் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஏர் ஃபிரையரில் குறைந்தபட்ச சூடு என்ன என்று முதலில் பாருங்கள். பல மாடல் 80 டிகிரிக்குக் கீழே இறங்காது. அதில் காளான் வேகும், பழுப்பாகும், சாறு விட்டு அடியில் ஒட்டும். 'டீஹைட்ரேட்' பொத்தான் உள்ளது என்றால் 40, 50 வைக்க முடியும், ஆனால் கூடையில் 150, 200 கிராமுக்கு மேல் பரப்ப இடம் கிடையாது. அரை கிலோவுக்கு மூன்று தவணை ஓட்ட வேண்டும். அதுவரை மிச்சக் காளான் காத்திருந்து கறுக்கும்.

மின்சார ஓவனில் ஃபேன் உள்ளது என்றால் சமாளிக்கலாம். பொத்தானில் 50 என்று போட்டாலும் உள்ளே 70 இருக்கும், இருபது வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிடுங்கள். கதவில் மரக்கரண்டிக் காம்பைச் செருகி ரெண்டு செ.மீ. இடைவெளி விடுங்கள். ஆவி வெளியே போக வழி இல்லையென்றால் அது ஓவன் இல்லை, இட்லிப் பானை. தட்டில் பேக்கிங் பேப்பர் போடாதீர்கள், கம்பி வலைமேல் பரப்புங்கள். கேஸ் ஓவனைக் கதவு திறந்தபடி மணிக்கணக்கில் விடுவது ஆபத்து, அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

சும்மா மாதம் ஒரு தடவைக்கு ட்ரையர் வாங்க வேண்டாம் என்பேன். பருவத்தில் வாரா வாரம் பறிக்கிறவர்கள் வாங்கலாம். வாங்குவதானால் ஃபேன் பின்பக்கம் இருக்கிற, தட்டு இழுத்து எடுக்கிற வகை. ஃபேன் அடியில் உள்ள வட்ட வகையில் மேல்தட்டுக்கு எப்போதும் ஈரக்காற்றுதான் வரும்.

பூசுட்_பிரியன் | புக்கிட் மெர்தாஜாம்
அக்காவின் முதல் கேள்விக்கே இன்னும் யாரும் போகவில்லையே. மூன்றும் மூன்று ரகம்.

குலாட் சிசிர் பிரச்சினையே இல்லாதது. கட்டையில் இருக்கும்போதே வெயிலில் சுருங்கிக் காயும், மழை பெய்தால் மறுபடி விரியும். கட்டைத் துணுக்கு, அடிக்காம்பு இரண்டையும் கத்தரியால் வெட்டிப் போட்டு 50 டிகிரியில் மூன்று, நாலு மணி நேரம். உலர்த்தி சொன்ன பத்தில் ஒரு பங்கு கணக்கு இதற்குப் பொருந்தாது. பறிக்கும்போதே தண்ணீர் குறைவாக இருக்கும், அதனால் எடை அவ்வளவு இறங்காது. விரலில் நசுக்கினால் நொறுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மரக்காதைக் காய வைப்பதற்குமுன் தண்ணீரில் அலசலாம், சதைக்காளான் மாதிரி உறிஞ்சிக்கொண்டு கெடாது. அடியில் மரப்பட்டை ஒட்டிய கெட்டிப் பாகத்தைக் கிள்ளி எறியுங்கள். முழுசாகவே காய வைக்கலாம், வெட்ட வேண்டாம். 50 முதல் 55 டிகிரியில் ஐந்து, ஆறு மணி நேரம். காய்ந்ததும் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் கொம்பு மாதிரி கெட்டியாகும். வெயிலுக்கு ஏற்ற காளான் ஒன்று உண்டென்றால் இதுதான்.

புற்றுக்காளானைக் காய வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தண்டு நார் நாராகி, ஊறவைத்தாலும் சவ்வு மாதிரிதான் வரும். அதன் சுவையே பச்சையில். பறித்த அன்றே சமைக்க முடியாததை, எண்ணெய் இல்லாத வாணலியில் உப்பு ஒரு சிட்டிகை போட்டு, அது விடும் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறவிட்டு, ஒரு நேரத்துக்கு வேண்டிய அளவாகப் பையில் தட்டையாக்கி ஃபிரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் ஆறு மாதம் தாங்கும். பச்சையாக ஃபிரீசரில் போட்டால் உருகும்போது சோப்புக் கட்டி கரைந்த மாதிரி கொழகொழக்கும்.

காய வைத்தே ஆக வேண்டும் என்றால் விரியாத மொட்டுகளை எடுங்கள். குடை தட்டையாக விரிந்து செதில் ரோஜா நிறமாகிவிட்டதை அன்றே குழம்பில் போடுங்கள். நீளவாக்கில் நாலாகப் பிளந்து உள்ளே புழுத் துளை இருக்கிறதா பாருங்கள். ஒன்றிரண்டு துளை என்றால் அந்தப் பாகத்தை வெட்டி எறியலாம். தண்டு முழுக்கச் சல்லடை என்றால் மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். உப்புத் தண்ணீரில் போட்டுப் புழுவை வெளியேற்றுகிற பழக்கம் குழம்புக்குச் சரி, காய வைக்கப்போகிற காளானுக்குச் சரிப்படாது.

வெயில்_கட்சி | பாலிக் புலாவ்
சீனாவின் யுன்னான் பக்கம் புற்றுக்காளானைக் கிழித்து எண்ணெயில் பொரித்து, மிளகாயோடு அந்த எண்ணெயிலேயே வைப்பார்கள். பிரமாதமாக இருக்கும்.

பூசுட்_பிரியன் | புக்கிட் மெர்தாஜாம்
இருக்கும்தான். ஈரம் துளியும் இல்லாமல் மொறுமொறுவென்று பொரித்தால் மட்டும். அரைகுறை ஈரத்தோடு எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைத்தால், காற்றுப் படாத அந்த இடம், உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் பாட்டுலிசக் கிருமிக்குச் சொந்த வீடு. வீட்டில் செய்தால் பிரிட்ஜில் வைத்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

செம்பனை_அக்கா | பிறை
நல்ல விவரம், எல்லாருக்கும் நன்றி. இன்னொன்று. செம்பனைக் குலை எரு மேல் முளைக்கிற செண்டாவான் சாவிட் பிரிட்ஜில் வைத்தால் ஒரே நாளில் தண்ணீராய் ஒழுகுகிறது. கெட்ட காளானைப் பறித்துவிட்டோமா?

கெப்போங்_கத்தரி | கோலாலம்பூர்
காளானில் குறை இல்லை அக்கா, பிரிட்ஜில்தான் குறை. வைக்கோல் காளான் வகைக்குக் குளிர் ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே போனால் செல்கள் உடைந்து தானாகவே கரைய ஆரம்பித்துவிடும். அது விரும்புவது 15 டிகிரி சுற்றளவு, எந்த வீட்டு பிரிட்ஜிலும் அப்படி ஒரு தட்டு கிடையாது. பறித்த சில மணி நேரத்தில் முடிவெடுங்கள்: கொதிநீரில் மூன்று நிமிஷம் போட்டெடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆற்றி, வடித்து ஃபிரீசரில் வைப்பது ஒன்று. முட்டை வடிவத்தில் இருக்கும்போதே உச்சியிலிருந்து அடிவரை பிளந்து, அடியில் ஒட்டியபடி விரித்துக் காய வைப்பது இன்னொன்று. 45 டிகிரியில் ரெண்டு மணி, பிறகு 60. காய்ந்தால் வாசனை பச்சையைவிட அதிகம், சூப்புக்கு இதைவிட நல்ல சாமான் கிடையாது. 

எந்தத் தோட்டம் என்பதையும் பாருங்கள். களைக்கொல்லி அடித்த இடத்தில் பறிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை, ஆனால் மற்ற மருந்துகள் அடிக்கிறார்கள். பத்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும்போது அதில் இருக்கிற கழிவும் அதே அளவு அடர்த்தியாகிறது. பெரிய சாலை ஓரத்துக் காளானுக்கும் இதே கதி.

வெள்ளைக்கோட்டு | மின்டென்
எல்லாரும் எப்படிக் காய வைப்பது என்று பேசுகிறீர்கள். எதைக் காய வைக்கிறீர்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

காய வைத்தால் நஞ்சு போகாது. அமானிட்டா என்ற நச்சுக் காளான் வகையின் ஈரல் நஞ்சு காய வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும். வைக்கோல் காளானின் முட்டையும் அமானிட்டாவின் முட்டையும் வெளியே ஒரே மாதிரி. இங்கிருந்து மேல்நாட்டுக்குப் போன ஆசியர்கள் ஏமாறுவது இந்தக் காளானில்தான். வெட்டிப் பார்ப்பது மட்டும் போதாது, விரிந்த ஒன்றின் வித்துத் தடம் எடுங்கள். வெள்ளைத் தாள் பாதி, கறுப்புத் தாள் பாதியாய் ஒட்டி, அதன்மேல் குடையைச் செதில் கீழே பார்க்க வைத்து, மேலே கிண்ணத்தைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்கள். வைக்கோல் காளானுக்கு ரோஜா நிறத் தூள் விழும். வெள்ளைத் தூள் விழுந்தால் குப்பைக்குப் போகட்டும். தண்டில் வளையம் இருந்தாலும் அது வைக்கோல் காளான் இல்லை.

புற்றுக்காளானுக்கும் வித்து ரோஜா நிறம்தான். குடை உச்சியில் முனை, தண்டு அடியில் மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு கரையான் கூட்டுக்குப் போகும். வீட்டுப் புல்தரையிலும் கோயில் வளாகத்திலும் மழைக்குப் பின் வருகிற, மேல்தோலில் பொருக்கு ஒட்டிய பெரிய வெள்ளைக் குடை வேறு ஆள். அதன் செதில் முற்றினால் பச்சை படரும், வித்தும் பச்சை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. மலேசியாவில் பலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அது.

வெட்டிக் காய வைத்த துண்டைப் பார்த்து எந்த நிபுணரும் இனம் சொல்ல முடியாது. அதனால் பறித்ததில் ரெண்டு முழுக் காளானை அடித்தண்டோடு தோண்டி எடுத்து, தாளில் சுற்றித் தனியாக பிரிட்ஜில் வையுங்கள். மேல், செதில், அடி என்று மூன்று படம். பாட்டில் லேபிளில் தேதி, இடம். சந்தேகம் வந்தால் மருத்துவருக்கும், பினாங்கு யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையத்துக்கும் அது ரொம்ப உதவும். தெலுக் பாஹாங் தேசியப் பூங்கா, காப்புக்காடு போன்ற இடங்களில் அனுமதியின்றிப் பறிக்கக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
வெள்ளைக்கோட்டு சொன்னதுக்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்து, பலர் கோட்டை விடுகிற பாகம்: பாட்டில்.

மெஷினிலிருந்து எடுத்ததும் சூடோடு அடைத்தால் மூடிக்குள் வியர்க்கும். ஆற வைக்கிறேன் என்று ரெண்டு மணி நேரம் விட்டால் காற்று ஈரம் ஏறிவிடும். பதினைந்து, இருபது நிமிஷம் போதும், அதற்குள் முடியாவிட்டால் அகலத் தட்டில் பரப்பி ஏர்கான் அறையில் வையுங்கள்.

ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி பாட்டில் எடுங்கள். மைலோ டின் மூடி காற்றை உள்ளே விடும். மெல்லிய பிளாஸ்டிக் பையும் மெதுவாக ஈரத்தை விடும். ஒரு லிட்டர் பாட்டிலில் 100 கிராம் சரக்குக்கு 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறுகிற மணி என்றால் ஆரஞ்சு வகை வாங்குங்கள், நீலத்தில் நச்சுள்ள கோபால்ட் குளோரைடு இருக்கும். உணவோடு உதிரியாகப் போடாமல் பையோடு போட வேண்டும். ஈரம் குடித்து நிறம் மாறினால் ஓவனில் 110 டிகிரியில் ரெண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும்.

ஒரு சின்ன ஈரமானியை பாட்டிலுக்குள் போட்டு மூடி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். 50-க்குக் கீழே காட்டினால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் திரும்ப மெஷினுக்கு. மூக்கால் மோந்து பார்ப்பதைவிட இது நம்பகம்.

லொறி_அண்ணே | பட்டர்வொர்த்
சிலிக்காவுக்குப் பதில் அரிசி போடலாமே?

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
அரிசியிலேயே 12, 13 விழுக்காடு ஈரம் உண்டு அண்ணே. 10-க்குக் கீழே காய்ந்த காளானுக்கு அதுதான் ஈரம் கொடுக்கும். வாணலியில் வறுத்த அரிசி ஒரு வாரம் தாங்கும், அவ்வளவே. இரும்புத்தூள் ஆக்சிஜன் உறிஞ்சி வேறு வேலை செய்வது, அது காற்றைத்தான் எடுக்கும், ஈரத்தை எடுக்காது. அதுவும் சரியாய்க் காயாத சரக்கோடு போட்டால் பாட்டுலிசம் கதைதான்.

லொறி_அண்ணே | பட்டர்வொர்த்
பூஞ்சை இல்லை, ஆனால் மாவு மாதிரி தூளும் ஊசித் துளையும் இருந்தால்?

கெப்போங்_கத்தரி | கோலாலம்பூர்
சின்னப் பழுப்பு வண்டு. அரிசி, மல்லி, மிளகாய்த்தூள் எல்லாவற்றிலும் இருந்து பறந்து வரும். தடுப்பதற்கு நல்ல வழி ஃபிரீசர். காய்ந்ததைக் காற்றுப் புகாத பையில் போட்டு மைனஸ் 18-ல் ஏழு நாள், முட்டையும் சாகும். 

வெளியே எடுத்த உடனே பையைத் திறந்தால் எல்லாம் வீண். குளிர்ந்த காளான் மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் பனித்துளியாய் ஒரு நிமிஷத்தில் படியும், கையில் எடுத்தாலே வழுவழுவென்று தெரியும். பையை மூடியபடியே மேசையில் நாலைந்து மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பாட்டிலில் மாற்றுங்கள். 

துளை விழுந்துவிட்டதைச் சுத்தம் பண்ணிச் சாப்பிட நினைக்காதீர்கள். பூஞ்சை பூத்ததையும் துடைத்து வெயில் காட்டி மீட்க வேண்டாம். அந்த பாட்டிலைத் திறக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், வித்து மூக்கில் ஏறும்.

செம்பனை_அக்கா | பிறை
மரக்காதை முதல் நாள் ராத்திரியே ஊறப் போடுவோமே, அது பரவாயில்லையா?

வெள்ளைக்கோட்டு | மின்டென்
அறைச் சூட்டில் ராத்திரி முழுக்க ஊற வேண்டாம் அக்கா. நெடுநேரம் ஊறிய மரக்காதில் ஒரு வகை பாக்டீரியா போங்கிரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். மணம், நிறம் எதிலும் தெரியாது, கொதித்தாலும் போகாது, உயிரையே எடுத்திருக்கிறது. வெந்நீரில் 20, 30 நிமிஷம் போதும். பச்சைத் தண்ணீர் என்றால் பிரிட்ஜில் ரெண்டு மணி நேரம். மீந்ததை அடுத்த நாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பூசுட்_பிரியன் | புக்கிட் மெர்தாஜாம்
குலாட் சிசிருக்கு வெந்நீரில் அரை மணி நேரம், பிறகு துணி பிழிகிற மாதிரி ரெண்டு தரம் பிழிந்து தண்ணீரை ஊற்றிவிடுங்கள், கசப்பு போகும். இருபது நிமிஷமாவது வேக வேண்டும். மாசாக் லெமாக் (மலாய்த் தேங்காய்ப்பால் குழம்பு) வைக்கும்போது தேங்காய்ப்பாலைக் கடைசியில் சேருங்கள், இல்லாவிட்டால் பால் திரிந்து நிற்கும், காளான் இன்னும் மெல்ல முடியாமல் இருக்கும். செம்பனைக் காளான் ஊறிய தண்ணீரை மட்டும் கொட்டாதீர்கள். மஸ்லின் துணியில் வடிகட்டி, அடியில் தங்குகிற கடைசி ரெண்டு கரண்டியை விட்டுவிட்டு குழம்பில் சேருங்கள். அந்தக் கடைசியில்தான் மண்.

லொறி_அண்ணே | பட்டர்வொர்த்
உடைந்த துண்டெல்லாம் பாட்டில் அடியில் சேருகிறது. பொடி பண்ணலாமா?

உலர்த்தி | ஆயர் ஈத்தாம்
தாராளமாக. அரைப்பதற்குமுன் 50 டிகிரியில் அரை மணி நேரம் மொறுமொறுப்பாக்கி, ஆறியதும் மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். நிறுத்தியதும் மூடியைத் திறக்காமல் அஞ்சு நிமிஷம் பொறுங்கள், தூள் பறந்து இருமல் வரும். பொடிதான் எல்லாவற்றையும்விட வேகமாக ஈரம் இழுக்கும், அதனால் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும், 100 மில்லி பாட்டிலில். சமையலறையில் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள், சோற்றுப் பானை ஆவி நேரே அங்கேதான் போகும். ரசத்துக்கு ஒரு தேக்கரண்டி, இறக்குவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால்.